முப்பது நிமிடத்தில் சாசேஜும் பீன்ஸ் மசியலும்

சாசேஜும் உருளைக்கிழங்கு மசியலும் பிரிட்டன் வீடுகளில் பழகிப்போன வாரநாள் இரவுச் சாப்பாடு. அதில் நேரத்தை விழுங்குவது உருளைக்கிழங்குதான். தோல் சீவி, நறுக்கி, வேகவைத்து, வடித்து, ஈரம் போகக் காத்திருந்து மசிப்பதற்குள் முக்கால் மணி நேரம் ஓடிவிடும். அந்த இடத்தில் டின்னில் வரும் வெள்ளை பீன்ஸை (ராஜ்மா போன்ற பயறு வகை) வைத்தால் மசியல் பத்து நிமிட வேலை. டின்னுக்குள்ளேயே வெந்து வந்தது அது. சூடாக்கிக் கடைந்தால் போதும். புரதமும் நார்ச்சத்தும் உருளைக்கிழங்கைவிட அதிகம்.

உருளைக்கிழங்கு இல்லாத நாளுக்கான சமாளிப்பு என்று இதை நினைக்க வேண்டாம். இத்தாலியின் டஸ்கனியில் சேஜ் இலையும் பூண்டும் போட்ட வெள்ளை பீன்ஸோடு சாசேஜைச் சேர்த்துச் சமைப்பது பழைய வழக்கம். தென்மேற்கு பிரான்ஸின் காசுலே என்ற உணவில் துலூஸ் சாசேஜும் வெள்ளை பீன்ஸும் மணிக்கணக்கில் சேர்ந்தே வேகும். கொழுப்பும் உப்பும் நிறைந்த சாசேஜ், அடக்கமான ருசியுள்ள பீன்ஸ் இரண்டும் பொருந்துவது சோதித்துப் பார்த்த விஷயம். பலருக்கு இது சரியாக வராமல் போவது அடுப்பில் ஏற்றும் வரிசையால்தான். சாசேஜ் இருபது நிமிடம் நிதானமாக வேக வேண்டும். பீன்ஸை கடைசிப் பத்து நிமிடத்தில்தான் தொட வேண்டும். இதைத் தலைகீழாகச் செய்தால் கருகிய சாசேஜும் கெட்டிப்பட்ட மசியலும்தான் தட்டுக்கு வரும்.

இரண்டு பெரியவர்கள், இரண்டு குழந்தைகளுக்கான அளவு: சாசேஜ் 6 முதல் 8 வரை (400 முதல் 454 கிராம் பாக்கெட்), 400 கிராம் வெள்ளை பீன்ஸ் டின் 2, பெரிய வெங்காயம் 2, பூண்டு 2 பல், ரோஸ்மேரி ஒரு இணுக்கு அல்லது சேஜ் 4 இலை, ஆலிவ் எண்ணெய் 3 மேசைக்கரண்டி, வெண்ணெய் 20 கிராம், மைதா தலைதட்டிய ஒரு மேசைக்கரண்டி, ஸ்டாக் (இறைச்சியோ காய்கறியோ வேகவைத்த சாறு) 400 மில்லி, கடுகு பேஸ்ட் 1 தேக்கரண்டி, அரை எலுமிச்சை, மிளகு. டின்னின் மேல் 400 கிராம் என்று இருந்தாலும் தண்ணீரை வடித்தால் பீன்ஸ் 235, 240 கிராம்தான் தேறும். பெரியவர்கள் நால்வர் என்றால் மூன்று டின் வேண்டும். கூடவே ஏதாவது ஒரு பச்சைக் காய் அவசியம். கேல், முட்டைக்கோஸ், உறைந்த பட்டாணி எதுவானாலும் சரி. அது இல்லாவிட்டால் தட்டு முழுக்க மென்மையாகவும் கனமாகவும் இருந்து பாதியிலேயே திகட்டிவிடும்.

எந்த சாசேஜ்

பாக்கெட்டின் பின்பக்கத்தில் இறைச்சியின் சதவீதத்தைப் பாருங்கள். பிரிட்டனில் ‘போர்க் சாசேஜ்’ என்ற பெயரில் விற்க 42 சதவீதம் பன்றி இறைச்சி இருந்தால் சட்டத்துக்குப் போதும். மீதி ரஸ்க் தூள், தண்ணீர், மசாலா. அந்த அடிமட்ட வகை வேகும்போது நீர் விட்டுச் சுருங்கும். கடித்தால் ரொட்டி மாதிரி இருக்கும். அதற்காக 97 சதவீத வகையைத் தேடிப் போகவும் வேண்டாம். ரஸ்க் தூள் இறைச்சிச் சாற்றைப் பிடித்து வைக்கிறது. அது அறவே இல்லாத சாசேஜ் இறுகி வறண்டுபோகும். இந்தச் சாப்பாட்டுக்கு 70 முதல் 90 சதவீதம் வரை உள்ளதே நல்லது. கம்பர்லாந்து வகையில் மிளகு தூக்கலாக இருக்கும்; லிங்கன்ஷையர் வகையில் சேஜ் மணக்கும். பீன்ஸில் சேஜ் போடுவதாக இருந்தால் லிங்கன்ஷையர், ரோஸ்மேரி போடுவதாக இருந்தால் கம்பர்லாந்து என்று வைத்துக்கொள்ளலாம்.

மாட்டிறைச்சி தவிர்க்கும் வீடுகளில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சூப்பர்மார்க்கெட்டின் பல போர்க் சாசேஜ்களில் வெளி உறை மாட்டுக் கொலாஜனால் செய்யப்பட்டிருக்கும். முன்பக்கத்தில் பன்றிப் படம் இருக்கும். பொருள்பட்டியலின் கடைசி வரியில் ‘பீஃப் கொலாஜன் கேசிங்’ என்று சின்ன எழுத்தில் இருக்கும். சிக்கன் சாசேஜுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். ரஸ்க் தூள் கோதுமையிலிருந்து வருவதால் குளூட்டன் ஆகாதவர்களும், பதப்படுத்தச் சேர்க்கும் சல்ஃபைட் ஒத்துக்கொள்ளாத ஆஸ்துமாக்காரர்களும் அதே பட்டியலை முழுதாகப் படிக்க வேண்டும்.

பன்றி வேண்டாம் என்றால் ஆட்டிறைச்சியில் செய்த மெர்கேஸ் அருமையான தேர்வு. வட ஆப்பிரிக்க வகை. சீரகமும் மிளகாயும் சேர்ந்தது. அதற்கு ரோஸ்மேரியை விட்டுவிட்டு, எண்ணெயில் அரைத் தேக்கரண்டி சீரகத்தைப் பொரித்து மசியலில் சேர்த்தால் எடுப்பாக இருக்கும். மெல்லியது என்பதால் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் வெந்துவிடும். சிக்கன் சாசேஜில் கொழுப்பு குறைவு. வாணலியில் கூடுதலாக ஒரு தேக்கரண்டி எண்ணெய் விடாவிட்டால் ஒட்டும், வறளும். முன்பே வேகவைத்தது என்று பாக்கெட்டில் போட்டிருக்கும் சாசேஜை இருபது நிமிடம் வைத்தால் ரப்பராகிவிடும். அதில் எழுதியிருக்கும் நேரத்தையே பின்பற்றுங்கள்.

தீயைக் குறையுங்கள்

அகலமான, அடி கனமான வாணலி வேண்டும். 28 சென்டிமீட்டர் இருந்தால் ஆறு சாசேஜ் இடைவெளியோடு கிடக்கும். எட்டை நெருக்கித் திணித்தால் அவை வறுபடாமல் தம் ஆவியிலேயே வெந்து வெளுத்துப்போகும். ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, சாசேஜை அடுக்கி, அதன் பிறகு அடுப்பைப் பற்றவையுங்கள். குளிர்ந்த வாணலியில் தொடங்கினால் கொழுப்பு மெல்ல உருகி இறங்கும். அந்தக் கொழுப்பிலேயே சாசேஜ் வறுபடும்.

மிதமான தீக்கும் சற்றுக் குறைவாக 18 முதல் 20 நிமிடம். இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை கால் சுற்று திருப்புங்கள். காது கொடுத்துக் கேட்டால் தீயின் அளவு தெரிந்துவிடும். தொடர்ந்து சன்னமாகச் சலசலத்தால் சரி. படபடவென்று வெடித்து எண்ணெய் தெறித்தால் தீ அதிகம். எட்டாவது நிமிடத்தில் அடிப்பக்கம் தேன் நிறத்தில் ஒரு பட்டை விழுந்திருக்க வேண்டும். அதற்குள் அடர் பழுப்பாகியிருந்தால் வெளியே கருகும்போது நடுவில் பச்சையாகவே இருக்கும்.

உறை வெடிப்பதற்கும் தீதான் காரணம். சூடேறும்போது உறை சுருங்குகிறது, உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி விரிகிறது. தீ நிதானமாக இருந்தால் ஆவி மெல்லக் கசிந்து வெளியேறும். அதிகமானால் உறை கிழியும். வெடிக்கக் கூடாது என்று முள்கரண்டியால் முன்கூட்டியே குத்திவைப்பது பலருக்குப் பழக்கம். அதை விட்டுவிடுங்கள். குத்திய ஒவ்வொரு துளையும் சாறு ஒழுகும் வாய். சக்கையாக உலர்ந்த சாசேஜ்தான் மிஞ்சும்.

வெந்துவிட்டதா என்பதை நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். சல்ஃபைட் சேர்ந்த இறைச்சி வெந்த பிறகும் இளஞ்சிவப்பாகத் தெரியலாம். குச்சி வெப்பமானி வீட்டில் இருந்தால் தடிமனான சாசேஜின் முனையிலிருந்து நடுவரை செருகிப் பாருங்கள். 70 டிகிரியில் இரண்டு நிமிடம், அல்லது 75 டிகிரியில் முப்பது நொடி என்பது பிரிட்டனின் உணவுப் பாதுகாப்பு அமைப்பான ஃபுட் ஸ்டாண்டர்ட்ஸ் ஏஜென்சி சொல்லும் அளவு. வெப்பமானி இல்லாவிட்டால் ஒன்றை வெட்டிப் பாருங்கள்: நடுவரை ஆவி பறக்க வேண்டும், சாறு தெளிவாக வடிய வேண்டும். வெளியே நிறம் ஏறிவிட்டது, உள்ளே வேகவில்லை என்றால் மூன்று மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து மூடி, சிறுதீயில் நான்கு நிமிடம் வைத்தால் சரியாகிவிடும்.

எட்டுக்கு மேல் சமைப்பதானால் ஓவன்தான் வசதி. 200 டிகிரி, ஃபேன் ஓவன் என்றால் 180, நேரம் 20 முதல் 25 நிமிடம், பாதியில் ஒரு முறை திருப்பினால் போதும். ஓவன் சூடேற எடுக்கும் நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏர் ஃப்ரையரில் 180 டிகிரியில் 12 நிமிடம் போலாகும். ஆனால் கிரேவிக்கு வேண்டிய சாறு கூடைக்கு அடியில் போய்விடுகிறது. அதனால் எங்கள் ஓட்டு வாணலிக்கே.

வெங்காய கிரேவி

சாசேஜ் வாணலியில் ஏறியதும் பக்கத்து அடுப்பில் இதைத் தொடங்கிவிடுங்கள். வெண்ணெயில் மெல்லியதாக நீளவாக்கில் அரிந்த வெங்காயம், ஒரு சிட்டிகை உப்பு. முதல் ஐந்து நிமிடம் மூடி வைத்தால் வெங்காயம் தளர்ந்துவிடும். பிறகு திறந்து, பொன்னிறம் வரும்வரை வதக்குங்கள். மைதாவைத் தூவி ஒரு நிமிடம் பச்சை வாசம் போகக் கிளறி, 300 மில்லி சூடான ஸ்டாக்கை மூன்று தவணையாக ஊற்றுங்கள். மொத்தமாகக் கொட்டினால் மாவு கட்டி தட்டும். கடுகு பேஸ்டைக் கலந்து நான்கைந்து நிமிடம் கொதித்தால் கரண்டியின் முதுகில் படியும் பதத்துக்கு வரும். வூஸ்டர் சாஸ் ஒரு தேக்கரண்டி சேர்த்தால் ஆழமான ருசி வரும். ஆனால் வழக்கமான வூஸ்டர் சாஸில் நெத்திலி வகை மீன் இருக்கிறது. சைவ சாசேஜ் சமைப்பவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும்.

சாசேஜை எடுத்த பிறகு வாணலியின் அடியில் பழுப்பாக ஒட்டியிருப்பதைக் கழுவிக் கொட்டிவிடாதீர்கள். மேலே மிதக்கும் கொழுப்பில் பெரும்பகுதியை வடித்துவிட்டு, இரண்டு கரண்டி கிரேவியை அந்தச் சூட்டிலேயே ஊற்றி மரக்கரண்டியால் சுரண்டி, திரும்பக் கிரேவியிலேயே சேருங்கள். கடையில் வாங்கும் கிரேவித் தூளில் இந்த ருசி கிடைக்காது.

மசியல்

மசிப்பதற்கு முதல் தேர்வு கேனலினி பீன்ஸ். தோல் மெல்லியது, உள்சதை வெண்ணெய் போல இளகும். பட்டர் பீன்ஸ் இன்னும் ருசி, ஆனால் தோல் தடிப்பு. மத்தால் கடைந்தால் தோல் தனியாகச் சுருண்டு நிற்கும். அதற்கு ஹேண்ட் பிளெண்டர்தான் சரி. ஹாரிகாட் சின்னது, சதைக்குத் தோல் அதிகம் என்பதால் மசியல் நறநறக்கும். தக்காளி சாஸில் ஊறிய பேக்டு பீன்ஸ் இதற்கு உதவவே உதவாது. கண்ணாடிக் குப்பியில் வரும் ஸ்பானிய பீன்ஸ் விலை அதிகம்தான். ஆனால் டின்னைவிட நன்றாக வெந்திருக்கும், அதன் நீரும் ருசியாக இருக்கும். அந்த நீரில் நாலு மேசைக்கரண்டியை எடுத்துவைத்து ஸ்டாக்குக்குப் பதில் சேர்க்கலாம். டின் பீன்ஸ் என்றால் வடிதட்டில் கொட்டி, நுரை நிற்கும்வரை குழாய் நீரில் அலசுங்கள். உப்பில் ஒரு பகுதியும் டின் வாடையும் போய்விடும்.

சாசேஜ் ஏறிப் பன்னிரண்டு நிமிடம் ஆனதும் இன்னொரு பாத்திரத்தில் ஆலிவ் எண்ணெயைச் சிறுதீயில் வைத்து, சீவிய பூண்டையும் முழு ரோஸ்மேரி இணுக்கையும் போடுங்கள். நம் தாளிப்பைப் போலத்தான் இதுவும்: மணத்தை எண்ணெயில் இறக்கிவிட்டால் அது பாத்திரம் முழுக்கப் பரவும். ஆனால் பூண்டு சிவக்கக் கூடாது. சிவந்தால் வெள்ளை மசியலில் கசப்பு தனியாகத் தெரியும். ஒரு நிமிடத்தில் பீன்ஸையும் மீதி 100 மில்லி ஸ்டாக்கையும் சேர்த்து, மூடி போட்டு ஐந்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். டின்னிலேயே வெந்ததுதானே என்று இந்த ஐந்து நிமிடத்தைத் தவிர்க்கக் கூடாது. ஆறின பீன்ஸை மசித்தால் மணல்மணலாக வரும். சூட்டில் தோல் தளர்ந்து, விரலால் அழுத்தினால் எதிர்ப்பில்லாமல் நசுங்க வேண்டும். நசுங்காவிட்டால் இரண்டு கரண்டி தண்ணீர் விட்டு இன்னும் மூன்று நிமிடம்.

ரோஸ்மேரிக் குச்சியை எடுத்துவிட்டு, அடுப்பிலிருந்து இறக்கிக் கடையுங்கள். உருளைக்கிழங்கு மசிப்பான், கீரை கடையும் மத்து இரண்டுமே ஒத்துவரும். முழுக்க மசிக்காமல் கால் பங்கை முழுதாக விட்டால் வாய்க்கு ஏதாவது கிடைக்கும். குழந்தைகளுக்குத் தோல் பிடிக்காது என்றால் பிளெண்டரை முப்பது நொடி ஓட்டுங்கள். உருளைக்கிழங்கை இப்படி அரைத்தால் பசையாகிவிடும், பீன்ஸ் ஆகாது. பீன்ஸின் மாவுச்சத்து வெந்த பிறகும் பெரும்பாலும் செல்லுக்குள்ளேயே அடைபட்டிருப்பதால் இழுபடுவதில்லை.

பதம் பார்க்கும் விதம் இது: கரண்டியால் நடுவில் ஒரு கோடு இழுத்தால், அது இரண்டு மூன்று நொடி நின்று மெல்ல மூட வேண்டும். ‘இது கொஞ்சம் தளர்வாக இருக்கிறதே’ என்று தோன்றும் நிலையில் நிறுத்துவதே சரி. ஆற ஆற மாவுச்சத்து இறுகும். பாத்திரத்தில் கச்சிதமாக இருந்தது தட்டில் களிமண் கட்டியாக நிற்கும். கெட்டியாகிவிட்டால் குளிர்ந்த தண்ணீர் வேண்டாம். சூடான ஸ்டாக்கை ஒவ்வொரு கரண்டியாக விட்டு அடியுங்கள். தளர்ந்துவிட்டால் சிறுதீயில் இரண்டு நிமிடம் கிளறினால் இறுகிவிடும்.

மசியல் சப்பென்று இருக்கிறது என்பதுதான் அடிக்கடி கேட்கும் குறை. உடனே கை உப்புக்குப் போகும். பெரும்பாலும் அதில் குறைவது புளிப்பு. அரை மூடி எலுமிச்சையைக் கடைசியில் பிழிந்து, மிளகு அரைத்துப் போட்டு, அதன் பிறகே உப்பைப் பாருங்கள். சாசேஜ், ஸ்டாக், கடுகு எல்லாவற்றிலும் உப்பு இருப்பதால் பல நாள் தனியாகப் போடவே வேண்டியிருக்காது. ஸ்டாக் க்யூப் கரைக்கும்போதும் 400 மில்லிக்கு முழுசாக ஒன்றைப் போடாமல் அரையோடு நிறுத்துங்கள். க்ரீமாக வேண்டும் என்று ஸ்டாக்குக்குப் பதில் பால் ஊற்றுபவர்கள் எலுமிச்சையை விட்டுவிடுவது நல்லது. சூட்டில் இரண்டும் சேர்ந்தால் பால் திரியும்.

மசியல் கொதிக்கும் அந்த ஐந்து நிமிடத்தில் கேலையோ பட்டாணியையோ கொதிநீரில் மூன்று நிமிடம் போட்டு வடித்துவிடுங்கள். சாசேஜ் வெந்ததும் தட்டில் எடுத்து மூன்று நிமிடம் விட்டால் சாறு உள்ளே அடங்கும். அதற்குள் வாணலியைச் சுரண்டிக் கிரேவியும் தயாராகிவிடும். பரிமாறும்போது மசியலை முதலில் பரப்பி, நடுவில் குழித்து, மேலே சாசேஜ், குழியில் கிரேவி.

வீட்டில் ஐந்து வயதுக்குக் கீழ் குழந்தை இருந்தால் சாசேஜை வட்ட வட்டமாக நறுக்கிக் கொடுக்கவே கூடாது. அந்த வட்டம் சிறு குழந்தையின் தொண்டையை அப்படியே அடைக்கும் அளவில் இருக்கும். உறையை உரித்து, நீளவாக்கில் நான்காகப் பிளந்து, பிறகு சிறு துண்டாக்குங்கள். உப்பையும் கவனியுங்கள். 1 முதல் 3 வயதுக்கு ஒரு நாளைக்கு மொத்தமே 2 கிராம், 4 முதல் 6 வயதுக்கு 3 கிராம் என்பதுதான் பிரிட்டனின் பொது மருத்துவச் சேவையான என்எச்எஸ் சொல்லும் எல்லை. சின்னவர்களின் தட்டில் மசியலைக் கூட்டி, சாசேஜைக் குறைத்து, கிரேவியைத் தொட்டுக்கொள்ளும் அளவுக்கு மட்டும் வையுங்கள்.

காய்ந்த பீன்ஸில் செய்வது மலிவு, ருசியும் ஒரு படி மேல். 250 கிராம் காய்ந்த பீன்ஸ் ஏறக்குறைய இரண்டு டின்னுக்குச் சமம். இரவு முழுக்க ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டி, புது நீரில் பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்கவைத்த பிறகே தீயைக் குறைக்க வேண்டும். இந்த வகை பீன்ஸில் இருக்கும் லெக்டின் நச்சு நல்ல கொதியில்தான் அழியும். ஸ்லோ குக்கரில் நேரடியாகப் போட்டால் அந்தச் சூடு போதாது. வாந்தி, வயிற்றுப்போக்கு வரை போகும். லண்டன் போலச் சுண்ணாம்பு கலந்த கடின நீர் வரும் ஊர்களில் எவ்வளவு நேரம் வைத்தாலும் பீன்ஸ் வேகாமல் அடம்பிடிக்கும். கால் தேக்கரண்டி சமையல் சோடா போட்டால் வழிக்கு வரும். அதற்கு மேல் போட்டால் சோப்பு வாடை அடிக்கும். விடுமுறை நாளில் மொத்தமாக வேகவைத்து, 240 கிராம் பொட்டலங்களாக ஃப்ரீசரில் போட்டுவைத்தால் வாரநாளில் டின்னைப் போலவே எடுத்துப் பயன்படுத்தலாம்.

மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குள் ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். இரண்டு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். மறுநாள் மசியல் வெட்டி எடுக்கும் அளவுக்கு இறுகியிருக்கும். நான்கு மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு, ஆவி பறக்கும்வரை கிளறிச் சூடாக்கினால் பழைய பதம் திரும்பிவிடும். அந்த இறுகிய நிலையையே சாதகமாக்கி, மீந்த சாசேஜைப் பொடியாக நறுக்கிப் பிசைந்து, வட்டமாகத் தட்டி ரொட்டித் தூளில் புரட்டி, கொஞ்சம் எண்ணெயில் இருபுறமும் நான்கு நிமிடம் வறுத்தால் கட்லெட். பிசையும்போது கையில் ஒட்டினால் ரொட்டித் தூளை இரண்டு கரண்டி உள்ளேயும் சேர்த்து, கால் மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு வறுங்கள். இல்லாவிட்டால் வாணலியில் திருப்பும்போது உடைந்துவிடும்.